மழையில்லாமல் ஒழுகிய ஹலீமா பீவி வீடு

படித்தவர்கள் எழுத வேண்டிய இடத்தில் நான் உட்கார்ந்திருப்பது எனக்கே கூச்சமாக இருக்கிறது. நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். கூட்டத்தில் எழுந்து நாலு வார்த்தை பேசச் சொன்னால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். கூரை வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள்தான், "பேச வேணாங்க்கா, எழுதிக் குடுத்துடுங்க" என்று நோட்டையும் பேனாவையும் வைத்துவிட்டுப் போனீர்கள். அதனால் எழுதுகிறேன். அதிகப்பிரசங்கித்தனமாகப் பட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தகரத்தை எப்படி வெட்டுவது, ஆணியை எங்கே அடிப்பது என்பதையெல்லாம் எழுதப்போவதில்லை. அது கை பழகினால் வந்துவிடும். கை நன்றாகப் பழகிய பிறகுதான் நான் என் பெரிய தப்பைச் செய்தேன். அதைத்தான் எழுதுகிறேன்.

இது அறுபதுகளின் நடுவில் நடந்தது. எனக்கு அப்போது இருபது வயது தாண்டியிருந்தது. சிங்கவரத்திலிருந்து தினமும் செஞ்சிக்கு நடந்துவந்து ஒரு கூரை மேஸ்திரியிடம் சித்தாளாக வேலை செய்தேன். அவர் பெயரை எழுத வேண்டாம் என்று நினைக்கிறேன். கெட்டவர் இல்லை. வேலை தெரிந்தவர். ஆனால் ஒரு முறை சொன்னதை மாற்றிச் சொல்ல அவருக்கு வராது.

அந்த நாளில் ஊரில் பழைய வீடுகளுக்கு எல்லாம் நாட்டு ஓடுகளை இறக்கிவிட்டுத் தகரம் போட்டுக்கொண்டிருந்தார்கள். காரணம் குரங்குகள்தான். மலையிலிருந்து இறங்கி வந்து ஓடுகளைப் பெயர்த்து, அடியில் இருக்கும் பூச்சியைத் தின்னும். பூச்சி இல்லாவிட்டால் கோபத்தில் ஓடுகளைத் தெருவில் வீசும். வருஷத்துக்கு இரண்டு முறை ஓடு மாற்றிச் சலித்துப்போனவர்கள் மேஸ்திரியைக் கூப்பிட்டார்கள். ஹலீமா பீவியும் அப்படிக் கூப்பிட்டவர்தான்.

ஹலீமா பீவியின் கணவர் இலவம்பஞ்சு மெத்தை தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தவர். அவர் இறந்த பிறகு, ஹலீமா பீவியும் பதினான்கு வயது மகள் நூருவும் அந்த வேலையை வீட்டுக்குள்ளேயே செய்துவந்தார்கள். தை மாதக் கல்யாணங்களுக்குத் தைக்கும் மெத்தைகள்தான் அவர்களுடைய வருஷத்துச் சாப்பாடு. வெளி ஆண்கள் முன்னால் ஹலீமா பீவி வரமாட்டார். முன் அறைக்கும் உள் அறைகளுக்கும் நடுவில் ஒரு திரை தொங்கும். அந்தப் பக்கம் அவர். இந்தப் பக்கம் மேஸ்திரி. இரண்டு பக்கமும் போய் வரக்கூடியவள் நான் ஒருத்திதான். அவர் சொன்னதை இவரிடமும் இவர் சொன்னதை அவரிடமும் சொல்வதும் என் வேலையாகிவிட்டது.

ஆவணியில் தகரம் போட்டு முடித்தோம். ஒரு வாரம்கூட ஆகவில்லை, நூரு வாசலில் நின்று என்னைக் கூப்பிட்டாள்.

"அஞ்சலக்கா, குரங்குக்குக் கல்யாணமாம். மெத்த கேக்குது."

உள்ளே போய்ப் பார்த்தேன். தகரம் அலை அலையாக வளைந்திருக்கும் அல்லவா? சுவரின் தலைமேல் அது உட்காரும் இடத்தில் ஒவ்வொரு அலைக்கும் கீழே கை நுழையும் அளவுக்கு ஒரு சந்து இருக்கும். குரங்கு அதில் கையை விட்டுப் பஞ்சை இழுத்துப் போட்டிருந்தது. தெரு முழுக்கப் பஞ்சு பறந்துகொண்டிருந்தது.

மேஸ்திரி என்னைப் பார்த்தார். "நீயே அடச்சிடு" என்றார்.

நான் அடைத்தேன். இரண்டு நாள் ஏணியில் நின்று, முன்சுவர் பின்சுவர் இரண்டின் தலையிலும் ஒரு அலை விடாமல் சுண்ணாம்புக் காரையைத் திணித்து, கட்டைவிரலால் வழித்து அடைத்தேன். எனக்கென்று தனியாக ஒருவர் கொடுத்த முதல் வேலை அது. மேஸ்திரி கீழே நின்று பார்த்துவிட்டு, "எறும்புகூட நுழையாது போலக்குதே" என்றார். அவர் யாரையும் புகழ்ந்து நான் கேட்டதில்லை. அன்று சிங்கவரம் வரைக்கும் நான் நடந்து போனதே எனக்குத் தெரியவில்லை.

ஐப்பசி மழை வந்தது. அந்த வீட்டில் ஒரு சொட்டு ஒழுகவில்லை. தெருவில் போகும்போதெல்லாம் அந்தச் சுவரின் தலையை நிமிர்ந்து பார்த்துக்கொள்வேன்.

மழை நின்று, கார்த்திகை முடியும் சமயத்தில் பனி இறங்க ஆரம்பித்தது. அப்போதுதான் வீடு ஒழுக ஆரம்பித்தது. மழையில் ஒழுகாத வீடு, மழை நின்றபிறகு ஒழுகியது. விடியற்காலையில் சொட்டத் தொடங்கி, வெயில் ஏறியதும் நின்றுவிடும். நாங்கள் வேலைக்குப் போய்ச் சேரும் நேரத்தில் தகரம் காய்ந்திருக்கும். தரையில் ஈரம் மட்டும் இருக்கும்.

ஹலீமா பீவி திரைக்கு அந்தப் பக்கம் நின்று என்னிடம் சொன்னார்:

"வூடு பூரா சொட்டுது அஞ்சல. பஞ்ச எங்க வெக்கிறதுன்னு தெரியல. உங்க மேஸ்திரி போட்டது கூரையா சல்லடையான்னு கேளு."

நான் இந்தப் பக்கம் வந்து மேஸ்திரியிடம் சொன்னேன்:

"அங்கங்க கொஞ்சம் கசியுதாம் மேஸ்திரி."

மேஸ்திரி சொன்னார்: "பனிக்காலத்துல ரெண்டு சொட்டு வுழுந்தா இன்னா, வூடு முழுகிடுமா? ஆணி சந்துல எறங்குது. தார் வெச்சா நின்னுடும். அதுக்கு இந்தக் கூப்பாடா?"

நான் உள்ளே போய்ச் சொன்னேன்: "சீக்கிரமா பாத்துக் குடுத்துடறாராம்மா."

தங்கைகளே, தம்பிகளே, இதை நீங்கள் கவனிக்க வேண்டும். நான் பொய் சொன்னதாக அப்போது நினைக்கவில்லை. இரண்டு பக்கமும் மனசு நோகக்கூடாது என்று பார்த்தேன். எனக்குக் கூச்சம். கடுமையான வார்த்தையை வாயில் எடுத்துவர எனக்கு வராது. ஆனால் நான் குறைத்துச் சொன்னதால் மேஸ்திரி கொஞ்சம் கசிகிற வீட்டுக்கு உண்டான வைத்தியத்தைத்தான் செய்தார். ஆணித் தலைகளுக்குத் தார் வைத்தார். அடுத்த வாரம் தகரமும் தகரமும் சேரும் இடங்களுக்கு வைத்தார். வீடு பூரா சொட்டுகிறது என்று அன்றைக்கே அவர் காதில் விழுந்திருந்தால், ஆணி ஓட்டை வழியாக வீடு பூரா எப்படிச் சொட்டும் என்று அவரே யோசித்திருப்பார். வேலை தெரிந்தவர்தானே.

மார்கழி பிறந்தது. அந்த வருஷம் ரம்ஜான் நோன்பு மார்கழியில் வந்தது. நோன்பு தொடங்கிய நாளிலிருந்து சொட்டு இரண்டு மடங்காயிற்று. மேல்மலையனூர் பக்கத்திலிருந்து ஒரு கல்யாண வீட்டார், வாங்கிப் போன இரண்டு மெத்தைகளையும் மாட்டுவண்டியில் திருப்பிக் கொண்டுவந்து வாசலில் இறக்கினார்கள்.

"பொண்ணு மாப்பிள படுக்கிறதுக்கு வாங்கினம்மா. ஈரத்துணி மக்கின மாதிரி வாட அடிக்குது" என்று அந்த அம்மாள் தெருவில் நின்று சொன்னதை நாலு வீடு கேட்டது.

அதைக் கேள்விப்பட்டு, ஹலீமா பீவியின் கணவருடைய அண்ணன் ஆரணியிலிருந்து பஸ் ஏறி வந்துவிட்டார். நல்ல மனிதர். தம்பி குடும்பத்தைத் தன் வீட்டில் வைத்துக் காப்பாற்ற வேண்டும் என்று தம்பி இறந்த நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருப்பவர். அவருக்கு இது ஒரு காரணமாகக் கிடைத்தது. நான் உள்ளே ஹலீமா பீவி பக்கத்தில் தரை துடைத்துக்கொண்டிருந்தேன். அவர் முன் அறையில் உட்கார்ந்தபடியே பேசினார்.

"எத்தினி நாளைக்கு இப்பிடி ஈரத்துல கெடப்பீங்க? வூட்டப் பூட்டிட்டு ரெண்டு பேரும் எங்கூட கெளம்புங்க. ஆரணியில ஒங்களுக்கு இன்னா கொற?"

"கொற ஒண்ணும் இல்ல மச்சான்" என்றார் ஹலீமா பீவி திரைக்குப் பின்னாலிருந்து. "தையில ஆறு மெத்த ஒத்துக்கினு இருக்கேன்."

"திருப்பிக் குடுத்தாங்களே, அந்த மாதிரி ஆறா?"

 ஹலீமா பீவி என் பக்கம் திரும்பி, எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்: "அங்க போனா சோறு போடுவாங்க அஞ்சல. நல்லாவே போடுவாங்க. ஊசிய மட்டும் கையில குடுக்க மாட்டாங்க."

அவர் முகத்தை நான் பார்த்தேன். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

அன்று சாயங்காலம் மேஸ்திரி வந்து ஒரு முடிவு சொன்னார். மறுநாள் காலையில் தகரம் முழுவதற்கும், மேலே மட்டும் இல்லாமல் அடியிலும் தார் பூசிவிடுவதாகச் சொன்னார். அடியில் தார் பூசினால் மெத்தை தைக்கும் அறையில் அந்த வருஷம் பஞ்சு வைக்க முடியாது. தார் வாடை ஏறிய மெத்தையில் யார் படுப்பார்கள்? ஆனால் வேறு வழி யாருக்கும் தெரியவில்லை. விடிவதற்குள் பஞ்சை எல்லாம் முன் அறைக்கு மாற்ற வேண்டும். ஒத்தாசைக்கு அன்று அங்கேயே தங்கச் சொல்லி ஹலீமா பீவி கேட்டார். தங்கினேன்.

இத்தனை நாள் அந்த வீட்டுக்கு வேலை செய்தும், அது ஒழுகும் நேரத்தில் நான் அங்கே இருந்ததே இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. மேஸ்திரியும் இருந்ததில்லை. அவரால் இருக்கவும் முடியாது. என்னால் முடியும், ஆனால் நான் கேட்கவில்லை.

விடிவதற்கு வெகு முன்பே சஹர் சாப்பாட்டுக்காக எழுந்தார்கள். நோன்பு வைப்பவர்கள் கிழக்கு வெளுப்பதற்கு முன்னால் சாப்பிட்டு முடித்துவிட வேண்டும். ஒரு அடுப்பில் சோறு கொதித்தது. இன்னொரு அடுப்பில் கைகால் கழுவ வெந்நீர் அண்டா. குளிர் என்பதாலும், பஞ்சு பறக்கும் என்பதாலும், தெருவிலிருந்து கண் படக்கூடாது என்பதாலும் ஜன்னல் எல்லாம் மூடியிருந்தது. வீடு கதகதப்பாக இருந்தது. எனக்கும் ஒரு தட்டு வைத்தார்கள்.

"நோம்பு வெக்கப்போறியாக்கா?" என்றாள் நூரு.

"வெச்சாதான் சோறுன்னா வெக்கிறேன்" என்றேன். ஹலீமா பீவி சிரித்தார். அந்த வீட்டில் ஒரு மாதமாக யாரும் சிரித்து நான் கேட்கவில்லை.

சோறு வெந்தது. நான் தலையை நிமிர்த்தினேன். விளக்கு வெளிச்சத்தில் தகரத்தின் அடிப்புறம் முழுவதும் மினுமினுத்தது. ஒரு இடத்தில் இல்லை, இரண்டு இடத்தில் இல்லை. நெற்றியில் வியர்வை பூக்கிற மாதிரி கண்ணுக்கு எட்டின வரைக்கும் பூத்திருந்தது. பிறகு ஒரு சொட்டு என் தட்டில் விழுந்தது. அடுத்தது தோளில். பிறகு எல்லா இடத்திலும்.

நான் எழுந்து, பெட்டிமேல் ஏறி, துணியால் ஒரு தகரத்தின் அடியைத் துடைத்தேன். உலர்ந்தது. கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டே நின்றேன். துடைத்த இடத்தில் மங்கலாக ஆவி படிந்தது. மங்கல் சின்னச் சின்ன முத்தாயிற்று. முத்துகள் சேர்ந்து ஓடின. அங்கே ஆணியும் இல்லை, சேர்ப்பும் இல்லை. தகரத்தைத் தொட்டால் கை விறைக்கும் அளவுக்குச் சில்லென்று இருந்தது. என் கால் பக்கம் இருந்த காற்றோ கதகதவென்று இருந்தது.

கீழே ஹலீமா பீவி சோற்றுப்பானையின் மூடியை எடுத்தார். மூடியின் அடியிலிருந்து தண்ணீர் சரசரவென்று வழிந்தது. அவர் எப்போதும் போல அதை ஓரமாக உதறிவிட்டு வைத்தார்.

நூரு அந்த மூடியைப் பார்த்தாள், மேலே என்னைப் பார்த்தாள். விளையாட்டாகத்தான் சொன்னாள்.

"அஞ்சலக்கா, எங்க வூட்டுக்கே மூடி போட்டுட்டியாக்கா?"

பெட்டிமேல் நின்றிருந்த எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போயிற்று. ஆமாம், மூடி போட்டவள் நான்தான். ஓடு இருந்த வரைக்கும் ஓட்டுச் சந்துகள் வழியாக ஆவி போய்க்கொண்டிருந்தது. தகரம் போட்ட பிறகு அந்தச் சுவர்த்தலைச் சந்துகள்தான் மிச்சம் இருந்த வழி. அவற்றைத்தான் கட்டைவிரலால் வழித்து வழித்து அடைத்தேன். மழையில் ஊறிய பழைய சுவர்களின் ஈரம், இரண்டு அடுப்புகளின் ஆவி, மூச்சு, எல்லாம் போக வழியில்லாமல் பனியில் குளிர்ந்த தகரத்தில் போய் ஒட்டித் தண்ணீராகிக்கொண்டிருந்தது. எறும்பு நுழையாத இடத்தில் காற்று மட்டும் எப்படி நுழையும்?

இதை யாரிடமாவது சொல்ல வேண்டும். யாரிடம் சொல்வது? என்னை அந்த வேலைக்காக ஒரே ஒரு முறை புகழ்ந்தவரிடம்தான் சொல்ல வேண்டும்.

நன்றாக விடிந்த பிறகு மேஸ்திரி தார் டின்னோடு வந்தார். தாரைக் காய்ச்ச அடுப்புக்குச் செங்கல் அடுக்கினார். இரவு பள்ளிவாசலில் தங்கியிருந்த ஆரணிக்காரரும் வந்து வாசலில் நின்றிருந்தார். நான் மேஸ்திரி அருகில் போய் நின்றேன்.  திரும்பி வந்துவிட்டேன். மறுபடி போனேன்.

"மேஸ்திரி, தார் வேணாம்."

"இன்னா?"

"அது மேலேர்ந்து எறங்கல. உள்ளேர்ந்து வருது."

"உள்ளேர்ந்து மழ பெய்யுதா? தூக்கம் போதலையா ஒனக்கு?"

"தகரத்துமேல தண்ணி ஊத்திப் பாக்கலாம் மேஸ்திரி. ஓட்ட இருந்தா இப்பவே ஒழுகணும் இல்ல?"

"நான் தார் வெச்ச ஆணிய நீ தண்ணி ஊத்திப் பாப்பியா? எத்தினி வருஷமா இந்த வேல செய்யிற நீ?"

எனக்குக் கண்ணில் நீர் முட்டியது.  கிணற்றடிக்குப் போய்க் குடத்தை நிரப்பி இடுப்பில் வைத்துக்கொண்டு ஏணியில் ஏறினேன். ஊற்றினேன். இறங்கி இன்னொரு குடம். பிறகு இன்னொன்று. மேஸ்திரி ஏதோ சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். ஆணி வரிசை ஒன்று விடாமல் எல்லாம் நனைகிற வரைக்கும் நான் நிறுத்தவில்லை. ஆரணிக்காரர், திரைக்கு அந்தப் பக்கம் குரல் கொடுத்துவிட்டு, உள்ளே போய் நின்று அண்ணாந்து பார்த்தார். வெகுநேரம் கழித்து வெளியே வந்தார்.

"ஒரு சொட்டு இல்ல" என்றார். "தண்ணி ஊத்தினா ஒழுகல, ஊத்தாத நேரத்துல ஒழுகுது. இது மனுசன் இருக்கிற வூடா, ஜின்னு இருக்கிற வூடா?"

"ஜின்னு இல்ல பாய்" என்றேன். "நான்தான். சுவத்துமேல சந்து பூரா நான்தான் அடச்சேன். ஆவி வெளிய போவ வழி இல்ல. தண்ணியா மாறி திரும்ப வுழுது. ஒடச்சி வுட்டா நிக்கும்."

சொன்ன பிறகுதான் நிக்கும் என்று உறுதியாகச் சொல்லிவிட்டோமே என்று பயம் வந்தது.

மேஸ்திரி என்னை விட்டுவிட்டு அவரிடம் திரும்பினார். "ஒடைக்கலாம் பாய், அதுக்கென்ன. ஒடச்ச மறுநிமிசம் குரங்கு உள்ள வரும். ஆறு மெத்தையும் கிழிச்சிப் போடும். அப்புறம் என்னக் கூப்புடாதீங்க."

அவர் சொன்னதும் பொய்யில்லை. அதனால்தான் அடைத்தோம். ஆரணிக்காரர் தாடியைத் தடவிக்கொண்டு நின்றார். அடைத்தால் ஈரம். திறந்தால் குரங்கு. இரண்டில் எதுவானாலும் அவர் நினைத்ததுதான் நடக்கும். அப்போது திரைக்குப் பின்னாலிருந்து ஹலீமா பீவியின் குரல் வந்தது. என் வழியாக இல்லை. நேராக மேஸ்திரிக்கு.

"ஒடைக்கட்டும். கொரங்கு வந்தா நான் பாத்துக்கிறேன். தார் டின்னை எடுத்துக்கினு போங்க."

மேஸ்திரி இத்தனை மாதத்தில் அந்தக் குரலை நேராகக் கேட்டது அதுதான் முதல் முறை. கொஞ்ச நேரம் திரையையே பார்த்தார். பிறகு செங்கல்லைக் காலால் தள்ளிவிட்டு என்னிடம் சொன்னார். "மேஸ்திரியம்மா ஆயிட்ட. ஒடைக்கிறவ நீயே ஒடை. என் ஏணி மட்டும் பத்தரம்."

ஆரணிக்காரர் பொதுவாகச் சொன்னார்: "நாளைக்கு சஹருக்கு நானே உக்காந்து பாக்கிறேன். சொட்டுச்சின்னா, காலைல முதல் பஸ்ஸுக்கு ரெண்டு பேரும் கெளம்பணும். அப்புறம் பேச்சு இருக்கக்கூடாது."

"சரி மச்சான்" என்றார் ஹலீமா பீவி.

அந்த ஒரு பகலில் செய்ததை விவரமாக எழுத வேண்டியதில்லை. உளியும் சுத்தியலும் வைத்து, நானே அடைத்த காரையை அலை அலையாகக் கொத்தி எடுத்தேன். அதை நன்றாகத்தான் அடைத்திருந்தேன். லேசில் வரவில்லை. ஒவ்வொன்றும் பெயர்ந்து விழும்போது உள்ளேயிருந்து ஈரப் பஞ்சு வாடை முகத்தில் அடித்தது.

குரங்குக்கு என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டே கொத்தினேன். கம்பி வலை வாங்கலாம், ஆனால் அன்றைக்குள் கிடைக்காது. பலகை அடித்தால் மறுபடி மூடி. குரங்கின் கை நுழையக்கூடாது, காற்று நுழைய வேண்டும். ஏரிக்கரையில் கருவேல முள் இருந்தது. போய் வெட்டிச் சுமந்து வந்தேன். சிறுசிறு கொத்தாகக் கட்டி, முள் வெளிப்பக்கம் பார்க்கும்படி ஒவ்வொரு சந்திலும் திணித்தேன். நோன்போடு இருந்த தாயும் மகளும் ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்காமல் கொத்துக் கட்டிக் கொடுத்தார்கள். நூரு விரலில் முள் ஏறும்போதெல்லாம் என்னைத் திட்டினாள், ஆனால் நிறுத்தவில்லை. பிற்பகலில் ஒரு பெரிய ஆண் குரங்கு வந்து வழக்கம்போல் கையை விட்டது. வெடுக்கென்று இழுத்துக்கொண்டு, கையைப் பார்த்தது, எங்களைப் பார்த்தது. பக்கத்து வீட்டு ஓட்டுக் கூரைக்குப் போய்விட்டது.

"போய் அவங்க வூட்டுல மெத்த கேளு" என்று நூரு கத்தினாள்.

அடுப்புகள் இரண்டையும் கிணற்றடிக்கு மாற்றினோம். நோன்பு முடியும் வரைக்கும் சமையல், வெந்நீர் எல்லாம் வெளியிலேயே என்று சொன்னேன். மெத்தை தைக்கும் அறையில் மட்டும், தகரத்துக்கு ஒரு முழம் கீழே கோரைப்பாய்களைச் சரிவாகக் கட்டித் தொங்கவிட்டோம். தப்பித் தவறிச் சொட்டினாலும் சுவரோரமாகப் போய் விழட்டும் என்று. உண்மையைச் சொன்னால், எனக்கு நம்பிக்கை முழுதாக இல்லை. அதனால்தான் பாய் கட்டினேன்.

சாயங்காலம் மேகம் கூடியது. ஆரணிக்காரர் வானத்தை அண்ணாந்து பார்த்தார். "மூடாக்கு போட்டா பனி இருக்காது. இன்னிக்கு சொட்டாது, ஒனக்கு நல்ல நேரம்தான்" என்றார் என்னிடம்.

 மூடாக்கில் சொட்டாமல் இருந்து என்ன பயன்? அவர் நம்பிவிட்டு ஊருக்குப் போவார். அடுத்த தெளிந்த இரவில் சொட்டினால் ஆறு மெத்தையும் போகும். அப்போது ஆரணிக்கு வரமாட்டேன் என்று சொல்ல ஹலீமா பீவிக்கு வாய் இருக்காது. "பாய், இன்னிக்கு மூடாக்கு போட்டா கணக்கு இல்ல. பனி கொட்ற அன்னிக்குதான் பாக்கணும். அதுவரைக்கும் இருங்க" என்றேன். என் வாயிலிருந்துதான் வந்ததா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. அவர் என்னை முதல் முறையாக நன்றாகப் பார்த்தார்.

"நீ யாரு கட்சி?" என்று கேட்டார்.

  நோன்பு திறந்து அவர்கள் சாப்பிட்டு முடிக்கும் நேரத்தில் நான் வாசலுக்கு வந்து பார்த்தேன். மேகம் கிழக்கே நகர்ந்துவிட்டது. மலைமேல் நட்சத்திரம் எல்லாம் தெளிவாக இருந்தது. குளிர் காதைக் கடித்தது. நல்லாக் கொட்டட்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

நீங்கள் வேலைக்குப் போகும் வீடுகளில் பெண்கள் சொல்வதை அப்படியே கொண்டுவந்து சொல்லுங்கள். மேஸ்திரிக்குக் கோபம் வந்தால் வரட்டும். தகரத்தை மேலேயிருந்து பார்த்தது போதும் என்று நினைக்காதீர்கள். அது சொட்டும் நேரம் எதுவோ அந்த நேரத்தில் உள்ளே போய் நில்லுங்கள். விடமாட்டார்கள் என்று நீங்களே முடிவு செய்யாதீர்கள், கேளுங்கள். நீங்கள் செய்த வேலைதான் தப்பு என்று தெரிந்தால், அடுத்தவர் சொல்வதற்கு முன்னால் நீங்கள் சொல்லிவிடுங்கள். இவ்வளவுதான் நான் சொல்ல விரும்பியது.

அந்த இரவு விடியும் வரைக்கும் பனி கொட்டியது. தகரத்தின் மேல்புறம் மழை பெய்தது போல நனைந்து, விளிம்பிலிருந்து தெருவில் சொட்டியது. ஆரணிக்காரர் மெத்தை அறையில் சஹரிலிருந்து வெயில் ஏறும் வரைக்கும் உட்கார்ந்திருந்தார். தகரத்தின் அடியில் கை வைத்தால் லேசாக ஈரம் இருந்தது. சொட்டு விழவில்லை. பழைய சமையல் இடத்தில் மட்டும் மூன்று சொட்டு விழுந்தது. அவர் பத்து மணி பஸ்ஸில் தனியாக ஆரணிக்குப் போனார். மேஸ்திரி ஆள் அனுப்பி ஏணியை எடுத்துக்கொண்டார், என்னை வேலைக்குக் கூப்பிடவில்லை. ஹலீமா பீவி பஞ்சை வெயிலில் பரப்பிவிட்டு, முதல் மெத்தைக்கு உறை வெட்ட உட்கார்ந்தார்.